மாஸ்டர் வாங்கிய லார்ஜ் சைக்கிள்

சிக்னல் சிவப்பானதும் மாஸ்டரின் கண் நடைபாதையின் ஓரக்கல்லைத் தேடும். கல் அகப்பட்டால் இடது காலை அதன்மேல் ஊன்றி, அந்தத் தெருவையே விலை பேச வந்தவர் போல மார்பை நிமிர்த்தி நிற்பார். அகப்படாவிட்டால் பக்கத்துக் காரின் மேல் கை வைப்பார். காரும் இல்லையென்றால் சிக்னலை மதிக்க மாட்டார். புது மலைச் சைக்கிளில் கால் தரைக்கு எட்டவில்லை என்பதை இப்படி மறைத்துக்கொண்டுதான் ஒரு மாதமாகப் பவனி வருகிறார்.

இவர் பிழைப்பே அளவெடுப்பதுதான். கோட்டு சூட்டு தைக்கும் பெரிய கடையில் கட்டிங் மாஸ்டர். கழுத்தில் டேப், காதில் பென்சில், உதட்டில் எந்நேரமும் ஓர் இளக்காரம். டேப்பைக் கண்டதும் வயிற்றை எக்கிக்கொள்ளும் ஆசாமிகளை அவருக்கு அறவே ஆகாது. “மூச்ச விடுங்க சார். தொப்பை உங்களோடதுதான், நான் ஒண்ணும் தூக்கிட்டுப் போயிட மாட்டேன்” என்பார். “எங்கிட்ட மறைச்சுட்டு, நாளைக்கு விருந்துல பட்டன் தெறிச்சா யாருக்கு மானக்கேடு?” அந்த மனிதர் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு மூச்சை விடுவதைப் பார்ப்பதில் மாஸ்டருக்கு ஓர் அல்ப சந்தோஷம்.

இப்பேர்ப்பட்டவர் சைக்கிள் கடையில் செய்த கூத்தைக் கேளுங்கள். மனைவி பள்ளிக்கூடத்தில் விளையாட்டு டீச்சர். இவரைவிட அரை அடி உயரம். கல்யாணப் படத்திலிருந்து இன்றுவரை டீச்சரை நாற்காலியில் உட்காரவைத்துத்தான் இவர் பக்கத்தில் நிற்பது வழக்கம். வாரத்தில் ஒரு நாளாவது இரண்டு பேரும் சேர்ந்து மலைப்பாதையில் போகவேண்டும் என்பது டீச்சரின் நெடுநாள் ஆசை. அதற்காகத்தான் இரண்டு சைக்கிள்.

கடைக்காரர் இருவரையும் வெறுங்காலோடு சுவரில் சாய்ந்து நிற்கச் சொல்லி, கால் நீளத்தை அளந்தார். “மேடத்துக்கு லார்ஜ், சாருக்கு மீடியம்.”

“இன்னொரு வாட்டி அளங்க” என்றார் மாஸ்டர். இந்த முறை நுனிக்காலில் எம்பிக்கொண்டார்.

“சார், குதிகாலக் கீழ வைங்க.”

“வெச்சுதான்யா இருக்கேன்!”

கடைக்காரர் பொறுமையாகச் சொல்லிப் பார்த்தார். கரடுமுரடான பாதையில் சட்டென்று இறங்கவேண்டி வரும், அப்போது சீட்டுக்கு முன்னால் இருக்கும் பாருக்கும் உடம்புக்கும் நடுவே நாலு விரல் இடமாவது வேண்டும் என்றார். யார் காதில் போட்டுக்கொண்டார்கள்? “பொண்டாட்டிக்குப் பெருசு, எனக்குச் சின்னதா? நல்லாருக்கே! அவளுக்கு மீடியம், எனக்கு லார்ஜ். பில்லப் போடுங்க.”

“ஏங்க, இதுல என் முட்டி ஹேண்டில்பார்ல இடிக்குது” என்றார் டீச்சர்.

“எல்லாம் பழகப் பழகச் சரியாயிடும்.”

சரியாகவில்லை. ஒவ்வொரு ஞாயிறும் டீச்சர் முழங்காலில் தைலத்தோடு உட்கார்ந்ததுதான் மிச்சம்.

போன ஞாயிறு மலைப்பாதையில் டீச்சர் தண்ணீர் குடிக்க நின்றார். அங்கே ஓரக்கல் ஏது, கார் ஏது? மாஸ்டர் மனைவியைச் சுற்றிச் சுற்றி வந்தார்.

“இறங்குங்களேன்.”

“உடம்புச் சூடு ஆறிடக்கூடாது!”

நாலாவது சுற்றில் சக்கரம் ஒரு வேரில் தட்டியது. கால் தரையைத் தேடியது, தரை கிடைக்கவில்லை; படக்கூடாத இடத்தில் பார் பட்டது. மாஸ்டரின் உலகம் இருண்டது. டீச்சர் ஓடிவந்து தாங்கி இறக்கினார். சிரிக்கவில்லை. சிரித்திருந்தால்கூட மாஸ்டர் கத்தித் தப்பித்திருப்பார்.

டீச்சர் பெரிய சைக்கிளின் சீட்டை ஏற்றிவிட்டு அதில் ஏறிக்கொண்டார். “நீங்க என்னோடதுல வாங்க. சேர்ந்து போலாம்னுதாங்க இவ்வளவு ஆசைப்பட்டேன். இன்னிக்கும் மாட்டேன்னா இனிமே கூப்பிட மாட்டேன், நான் பாட்டுக்குத் தனியாப் போயிக்கிறேன்.” விறுவிறுவென்று மேட்டில் ஏறி, வளைவில் காத்து நின்றார்.

மாஸ்டர் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, சீட்டை இறக்கி மீடியத்தில் ஏறினார். இரண்டு பாதமும் தரையில் பதிந்தன. கைப்பிடி கைக்கு வந்து சேர்ந்தது. ஒரு மாதமாக எட்டி எட்டி மிதித்ததில் வந்த இடுப்பு வலி எங்கே போனதென்றே தெரியவில்லை. தைத்துப் போட்டது போல இருந்தது என்று அவர் வாயாலேயே சொல்லியிருப்பார், வேறு யாருக்காவது என்றால்.

அப்போது பார்த்து, மேலேயிருந்து இரண்டு வாலிபர்கள் சைக்கிளில் இறங்கி வந்தார்கள். மாஸ்டர் குதித்திறங்கி முன்சக்கரத்தின் அருகே குந்திக்கொண்டார்.

“என்ன சார், உதவி ஏதாச்சும் வேணுமா?” என்று நின்றார்கள்.

“ஒண்ணுமில்ல தம்பி, வைஃபோட வண்டி. பஞ்சர்.”

“ஏங்க, வர்றீங்களா இல்லையா?” என்று வளைவிலிருந்து டீச்சரின் குரல் வந்தது.

மாஸ்டர் நிமிரவில்லை. கல்லுப் போலக் காற்று நிறைந்திருந்த டயரை ஒரு கட்டைவிரலால் அழுத்தியபடியே, மறு கையைத் தலைக்கு மேல் தூக்கி, போ போ என்று மனைவியை விரட்டினார்.