தாளக்காரர் காணாமல் போன அறை

டவுனுக்கு வெளியே வேங்கிக்காலில் கட்டிய புது வீட்டுக்குக் குடிவந்த முதல் வாரத்திலேயே அப்பா சொல்லிவிட்டார், தாளக்காரரைக் காணோம் என்று.

அவர் சொன்னது நாதஸ்வரக் கேசட்டைப் பற்றி. நாதஸ்வரமும் தவிலும் முன்னால் நிற்கும். பின்னால் ஒருவர் சின்னத் தாளத்தைக் கையில் வைத்துக்கொண்டு ணிங், ணிங் என்று தட்டிக்கொண்டிருப்பார். யாரும் அவரைக் கவனிக்க மாட்டார்கள். அப்பா அவரைத்தான் கவனிப்பார். டவுனில் நாங்கள் வாடகைக்கு இருந்த ஓட்டு வீட்டில், ஆபீஸ் விட்டு வந்ததும் சட்டையைக்கூடக் கழற்றாமல் கேசட்டைப் போட்டுவிட்டு, அந்த ணிங்கோடு சேர்ந்து நாற்காலிக் கையில் விரலால் தட்டுவார். தவில்காரர் எத்தனை குட்டிக்கரணம் போட்டாலும் இந்த ஆள் அசைய மாட்டார் பார் என்பார். புது வீட்டில் அந்த விரல் நாற்காலிக் கையில் சும்மா கிடந்தது.

காரணம் இரண்டில் ஒன்றாகத்தான் இருக்க முடியும். ஒன்று, அறை. இன்னொன்று, அப்பாவின் காது.

நான் எலக்ட்ரானிக்ஸ் படிப்பை முடித்து, சென்னைக் கம்பெனி ஒன்றின் தபாலுக்காகக் காத்திருந்த மாதங்கள் அவை. செய்ய வேலை இல்லை; சும்மா உட்காரவும் முடியவில்லை. அதனால் இரண்டில் அறையை எடுத்துக்கொண்டேன். அதன் மேல் சந்தேகப்பட நியாயம் இருந்தது. பாட்டுக் கேட்பதற்கென்றே அப்பா கொத்தனாரிடம் தனியாகச் சொல்லிக் கட்டிய அறை. அகலம் பத்தடி, நீளம் பத்தடி, உயரமும் பத்தடி. மேலே கான்கிரீட், கீழே மொசைக், சுற்றிலும் வழவழவென்று சிமெண்ட் பூச்சு. இப்படி எல்லாப் பக்கமும் ஒரே அளவில் இருக்கும் அறை சில கீழ் சுரங்களை மட்டும் பிடித்து வைத்துக்கொண்டு விடாது. தவிலின் ஒரு கும் அடங்குவதற்குள் அடுத்த கும் வந்துவிடும். நடுவில் நின்று கை தட்டினால் சத்தம் சுவருக்குச் சுவர் ஓடி விர்ரென்று அதிரும். இவ்வளவுக்கும் அடியில் ணிங் எங்கே கேட்கும்? எனக்கே அரைகுறையாகத்தான் கேட்டது. அதில் எனக்கு ஒரு நிம்மதி.

காதின் மேல் சந்தேகப்படவும் நியாயம் இருந்தது. கலெக்டர் ஆபீஸில் அப்பா போன் எடுப்பதையே விட்டுவிட்டார். பக்கத்து சீட்டுக்காரர் பேசிவிட்டு, என்ன விஷயம் என்று துண்டுக் காகிதத்தில் எழுதிக் கொடுக்கிறாராம். இது எப்படியோ அம்மாவுக்குத் தெரிந்துவிட்டது. வேலூருக்குப் போய்க் காது டாக்டரைப் பார்க்கச் சொல்லி அன்றிலிருந்து பிடித்துக்கொண்டாள்.

"காதெல்லாம் நல்லாதான் இருக்குது," என்றார் அப்பா. "வீடுதான் கத்துது."

வீட்டின் வாயை மூடும் வேலையில் நான் இறங்கினேன். கல்லூரி நூலகத்தில் படித்தது ஞாபகம் இருந்தது. சுவரில் மோதித் திரும்பும் சத்தத்தை உறிஞ்சக் கனமான பஞ்சுப் பலகைகள் வேண்டும். புத்தகம் கண்ணாடிப் பஞ்சு என்றது. எங்கள் ஊரில் கிடைத்தது மில் கழிவுப் பஞ்சு. தேரடி வீதிக்குப் பக்கத்தில் மெத்தைக்கடை வைத்திருந்த பாயிடம் போய், நாலடி நீளம், இரண்டடி அகலம், நாலங்குலக் கனம் என்று அளவு சொல்லி, பன்னிரண்டு மெத்தை வேண்டும் என்றேன். கட்டில் இத்தனை சின்னதா என்று கேட்டார். கட்டிலுக்கு இல்லை, சுவரில் மாட்ட என்றேன்.

பாய் கையிலிருந்த ஊசியைக் கீழே வைத்தார். "செவுத்துக்கு மெத்தையா? ஏம்மா, செவுரு இன்னா நின்னுக்கினே தூங்கப் போவுதா?"

சத்தத்தைக் குறைக்கத்தான் என்று விளக்கினேன். ரேடியோவைக் கொஞ்சம் கம்மி பண்ணினால் ஜாஸ்தி செலவு இல்லையே என்றார். ஆனால் சொன்ன அளவில், சொன்ன நாளில் தைத்துக் கொடுத்தார். அம்மா மிஷினில் காடாத் துணி உறை தைத்தாள். ஆணியில் மாட்டுவதற்காக ஒவ்வொன்றின் மேல் ஓரத்திலும் ஒரு மரச்சட்டத்தை நுழைத்தேன். நான்கு சுவர்களிலும் மூன்று மூன்றாக, காலண்டர் மாட்டுகிற உயரத்தில் மாட்டினேன். கை தட்டிப் பார்த்தேன். விர் போய்விட்டது. மறுபடி தட்டினேன். ஒன்றைக் கழற்றி நாலு விரல் தள்ளி மாட்டிவிட்டு மறுபடி தட்டினேன். பக்கத்து வீட்டு அக்கா மதில் மேல் எட்டிப் பார்த்து, காலையிலிருந்து காக்கா ஓட்டுகிறாயா என்று கேட்டாள்.

சாயங்காலம் அப்பா வந்து உட்கார்ந்தார். கேசட் ஓடியது.

"ஊதறவரு போர்வைக்குள்ள உக்காந்து ஊதறாரும்மா," என்றார்.

அது உண்மைதான். மேல் சத்தத்தையெல்லாம் மெத்தைகள் குடித்துவிட்டன. கீழே தவிலின் கும் மட்டும் அப்படியே இருந்தது. தாளக்காரர் இன்னும் ஆழத்துக்குப் போயிருந்தார். அறை இன்னும் சரியாகவில்லை என்று அப்பாவிடம் சொன்னேன். அவரும் அதைத்தான் எதிர்பார்த்தவர்போல, ஆமாம், அவசரப்படாதே என்றார்.

அந்த வாரத்தில் ஒருநாள் அப்பா கேட்டுக்கு முன்னால் நின்று, தெருவுக்கு முதுகைக் காட்டியபடி முருங்கைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். தபால்காரர் சைக்கிளை நிறுத்தி மணியடித்தார். நான் உள் அறையிலிருந்து ஓடிவந்தேன். எனக்குத் தபால் இல்லை, மின்வாரியக் கடிதம்தான். தபால்காரர் மூன்று தடவை மணியடித்தும் அப்பா திரும்பியிருக்கவில்லை. அவர்கள் இருவருக்கும் நடுவில் நாலடி தூரம்கூட இருக்காது. அது வெட்டவெளி. கத்துவதற்கு அங்கே நான்கு சுவரும் கூரையும் இல்லை.

அதை யாரிடமும் சொல்லவில்லை. உள்ளே போய் மெத்தைகளை மறுபடி இடம் மாற்றத் தொடங்கினேன். ஸ்பீக்கரை முன்னால் இழுத்தேன், பின்னால் தள்ளினேன். இரண்டு ஸ்பீக்கருக்கும் நாற்காலிக்கும் இடையே சம தூரம் வருமாறு டேப் வைத்து அளந்து, நாற்காலியின் நான்கு கால்களுக்கும் தரையில் சாக்பீஸால் வட்டம் போட்டேன். அடுத்த நாள் வட்டங்களை அழித்துவிட்டு வேறு இடத்தில் போட்டேன். சாப்பிடக் கூப்பிட்டால் போகவில்லை. அம்மா வாசலில் நின்று கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"ரூமுக்கு வைத்தியம் பாத்து முடிச்சிட்டு, அப்புறமா மனுசனுக்குப் பாப்பியா?"

பௌர்ணமி வந்தது. ஆரணியிலிருந்தும் போளூரிலிருந்தும் சொந்தக்காரர்கள் கிரிவலத்துக்கு வருவதும், மலை சுற்றி முடித்துக் காலையில் எங்கள் வீட்டில் வந்து விழுவதும் வழக்கம். அந்த முறை பதினைந்து பேருக்குக் குறையாது. கால்களெல்லாம் வீங்கியிருந்தன. இருந்த பாய்களும் தலையணைகளும் ஹாலிலேயே தீர்ந்துவிட்டன. அப்பாவின் தங்கை, என் ஆரணி அத்தை, பாட்டு அறைக்குள் எட்டிப் பார்த்தாள்.

"நல்ல கதை அண்ணி இது. மெத்தைய செவுத்துல மாட்டிட்டு, மலை சுத்தி வந்தவள தரையில படுக்க சொல்றாளே ஒம் பொண்ணு."

நான் காபி டம்ளர்களோடு வருவதற்குள் பன்னிரண்டும் தரைக்கு வந்துவிட்டன. தலைமாட்டில் கட்டை இடிக்கிறது என்று என்மேல் குறை வேறு. அவர்கள் மத்தியானம் எழுந்து, சாப்பிட்டு, பஸ் ஏறிப் போனார்கள். உறைகளைத் துவைக்க வேண்டும் என்று அம்மா மெத்தைகளை ஆறு ஆறாக, ஸ்பீக்கர்களுக்குப் பின்னால் இருந்த இரண்டு மூலைகளிலும் அடுக்கினாள். படுக்கையை மூலையில் அடுக்குவதுதானே எந்த வீட்டிலும் வழக்கம்.

சாயங்காலம் வெறுப்பில்தான் கேசட்டைப் போட்டேன். தவில் முதல் தட்டிலேயே வேறாக இருந்தது. கும் என்று விழுந்தது, அங்கேயே நின்றது. கீழ் சத்தம் மூலைகளில்தான் போய்க் குவியும், கனமாக எதையாவது வைக்க வேண்டுமென்றால் அங்கேதான் வைக்க வேண்டும் என்று அதே புத்தகத்தில் படித்திருந்தேன். பரீட்சையில் எழுதியும் இருந்தேன். மெத்தை என்றதும் காலண்டர் மாதிரி சுவரில்தான் மாட்டத் தோன்றியது. மூலையில் ஆறு ஆறாக இருந்ததை நாலு நாலாக்கினேன். மீதி நான்கை நாற்காலிக்கு இரண்டு பக்கச் சுவர்களில் மட்டும் மாட்டினேன். மறுபடி கேட்டேன். எல்லாவற்றுக்கும் பின்னால், கொஞ்சம் வலது பக்கமாக, ணிங்.

அப்பாவை உடனே கூப்பிட்டிருக்கலாம். ஞாயிற்றுக்கிழமை பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட்டேன். அதுவரை அந்த அறைக்கும் வாசலுக்குமாக நடந்துகொண்டே இருந்தேன். இனிமேல் குறை சொல்ல அறை இல்லை.

ஞாயிறு காலை அப்பா சாக்பீஸ் வட்டங்களுக்குள் இருந்த நாற்காலியில் உட்கார்ந்தார். நான் ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் நின்றேன். ஒரு கீர்த்தனை முழுவதும் ஓடியது. அவர் விரல் அசையவில்லை. ஸ்பீக்கரைப் பார்க்காமல் கீழே எதையோ பார்த்துக்கொண்டிருந்தார். என் கால் கட்டைவிரல் தானாகத் தரையைத் தட்டிக்கொண்டிருந்ததைத்தான் பார்த்தார் என்பது எனக்குப் பிறகுதான் புரிந்தது.

"தாளக்காரரு வந்துட்டாரா பாப்பா?"

"வந்துட்டாருப்பா."

"எப்போ?"

"மொதல்லேருந்தே இருக்காரு."

அப்பா தலையை ஆட்டினார். அறை நன்றாக ஆகிவிட்டது என்றார். நாதஸ்வரம் பக்கத்தில் நின்று ஊதுவதுபோல இருக்கிறதாம். அம்மா சமையலறையில் மிக்ஸியை நிறுத்தினாள். பிறகு அப்பா எழுந்து நாற்காலியைத் தூக்கித் திருப்பிப் போட்டார். நான்கு கால்களும் வட்டங்களை விட்டு வெளியே போயின. வலது காது ஸ்பீக்கர் பக்கமாக இருக்கும்படி, சுவரைப் பார்த்து உட்கார்ந்தார். கண்ணை மூடிக்கொண்டார்.

"இந்தக் காதுல இருக்கான்," என்றார், வெகு நேரம் கழித்து. "தூரத்துல இருக்கான்."

அம்மா வாசலுக்கு வந்து நின்றாள். 

"நாளைக்கி லீவு சொல்லிட்டு வேலூர் போலாம்," என்றார் அப்பா கண்ணைத் திறக்காமல். "கேசட்டு முடியட்டும்."

அவர் விரல் நாற்காலிக் கையில் ஒரு தடவை தட்டியது. அடுத்ததைத் தவறவிட்டது. காத்திருந்து, அதற்கடுத்ததைப் பிடித்தது. அவர் கண்ணைத் திறந்து என் காலைப் பார்த்தாலும் பார்க்கலாம் என்று நான் அதை அசையாமல் வைத்துக்கொண்டேன்.