தோரண டிசைனின் சொந்தக்காரி

ஷாயிஸ்தா மெஹந்தி போட உட்கார்ந்தால் உடனே கோனைக் கையில் எடுக்க மாட்டாள். மணப்பெண்ணின் கையை வாங்கித் தன் மடியிலிருக்கும் தலையணை மேல் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் ஊர்க்கதை பேசுவாள். வேர்க்கிற கையா, விரல் குட்டையா நீளமா, பெண் பயந்திருக்கிறாளா என்பதெல்லாம் அந்தப் பேச்சிலேயே தெரிந்துவிடும். அதற்கப்புறம் பென்சில் கோடு கிடையாது, அச்சு கிடையாது. உள்ளங்கை நடுவில் ஒரு புள்ளி வைப்பாள். அங்கிருந்து கொடி தானாக விரலுக்கு ஏறும்.

மெஹந்திப் பொடியைப் பழைய துப்பட்டாவில் அவளே சலிப்பாள். ராஜஸ்தானில் சோஜத் என்ற ஊரிலிருந்து வருகிற பாக்கெட். எலுமிச்சைச் சாறும் டீ டிக்காஷனும் விட்டுக் குழைத்து ஊறவைத்து, கோனும் அவளே சுற்றுவாள். கணவன் பர்வேஸுக்குப் பல்லாவரத்தில் தோல் பை தைக்கிற பட்டறையில் வேலை. "உனுக்கும் எனுக்கும் ஒரே வியாதிதான், இடுப்பு" என்பான்.

அவளுக்கு இணையத்தில் ஒரு பக்கம் தொடங்கிக் கொடுத்தது மாடியில் குடியிருந்த சத்யபிரியா. நாவலூரில் கம்ப்யூட்டர் கம்பெனி ஒன்றில் வேலை பார்த்தவள். 2007 வாக்கில் ஆபீஸ் பெண்கள் எல்லாரும் ஆளுக்கொரு வலைப்பதிவு வைத்திருந்தார்கள்; சமையல் குறிப்பு, கவிதை, குழந்தை போட்டோ. "உங்களுக்கு ஒண்ணு இல்லாட்டி எப்படிக்கா?" என்று 'ஷாயிஸ்தாவின் மெஹந்தி பக்கம்' என்று ஒன்றைத் திறந்துவிட்டாள்.

பக்கத்தைத் திறந்துவிட்டார்களே தவிர அதில் போடப் படம் இல்லை. பர்வேஸின் செல்போனில் எடுத்தால் எந்தக் கையும் அடுப்பில் சுட்ட கத்திரிக்காய் மாதிரிதான் வந்தது. ஆக, ஏழெட்டுப் படம் சொந்தம், மற்றதெல்லாம் தேடி எடுத்தது. ஷாயிஸ்தா பக்கத்தில் உட்கார்ந்து "இது நல்லாருக்கு, அது வேணாம்" என்று சொல்ல, பிரியா இறக்கி ஏற்றினாள். சில படங்களின் ஓரத்தில் யாருடைய பெயரோ இருந்தது. அது பார்வைக்கு உறுத்துகிறது என்று ஷாயிஸ்தாதான் வெட்டச் சொன்னாள். ஒவ்வொரு படத்துக்கும் கீழே மறக்காமல் 'நன்றி: இணையம்' என்று போட்டார்கள். அந்த நன்றிகூடச் சொல்லாத பக்கங்கள் எத்தனையோ இருந்ததால், தாங்கள் மரியாதையாக நடந்துகொள்வதாகவே இரண்டு பேரும் நினைத்தார்கள்.

அந்தப் படங்களில் எல்லார் கண்ணையும் இழுத்தது ஒன்று. மணிக்கட்டைச் சுற்றி ஒரு நேர்க்கோடு. அதிலிருந்து கொக்கியும் சுழியும் வளைவுமாகத் தொங்கும். வாசலில் மாவிலை கட்டினமாதிரி இருந்ததால் ஷாயிஸ்தா அதற்குத் தோரண டிசைன் என்று பெயர் வைத்தாள். குரோம்பேட்டையிலிருந்து, மேடவாக்கத்திலிருந்து, நாவலூர் அப்பார்ட்மென்ட்களிலிருந்தெல்லாம் போன் வந்தது. "அந்தத் தோரணம் போடுவீங்கல்ல?" என்பதுதான் முதல் கேள்வி. படத்தைப் பார்த்து வரைவது அவளுக்குப் பெரிய காரியமில்லை. போட்டாள். ஒரு வருஷம் போல அந்தத் தோரணம் தென்சென்னைக் கைகளில் ஊர்வலம் போனது.

அந்த ஊர்வலம் ரூக்சார் என்ற பெண்ணின் கல்யாணத்தில் வந்து நின்றது.

தாம்பரத்தில் ஒரு மண்டபம். நிக்காஹ் முடிந்து, மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள் மணப்பெண்ணைச் சூழ்ந்துகொண்டு அவள் கையில் மாப்பிள்ளை பெயரைத் தேடிக்கொண்டிருந்தார்கள். கொடிக்குள் பெயரை ஒளித்து வைப்பது மெஹந்தி போடுகிறவளின் சாமர்த்தியம். கண்டுபிடிப்பது நாத்தனாரின் சாமர்த்தியம். மாப்பிள்ளையின் அக்கா சித்திகா பம்பாயில் பிறந்து வளர்ந்து அங்கேயே வாழ்க்கைப்பட்டவள். உள்ளங்கையில் இங்கிலீஷ் எழுத்தில் சிதறிக் கிடந்த 'ஷாகுல்' என்ற தம்பி பெயரை அவள் சீக்கிரமே பொறுக்கி எடுத்துவிட்டாள். எல்லாரும் சிரித்துக்கொண்டிருந்தபோது, வளையலை மேலே ஏற்றி மணிக்கட்டைப் பார்த்தாள்.

"அதாருமா தேவேந்தர்?"

ரூக்சார் விழித்தாள். சித்திகா கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "ரெண்டு கையிலயும் இருக்கே. ஹிந்தியில சுத்திச் சுத்தி தேவேந்தர், தேவேந்தர், தேவேந்தர்னு எழுதியிருக்கு. உள்ளங்கையில எங்க தம்பி, மணிக்கட்டுல இன்னொருத்தரா?"

சித்திகா வேடிக்கையாகத்தான் சொன்னாள். ஆனால் பக்கத்திலிருந்த பெரிய பெண்கள் சிரிக்கவில்லை. ரூக்சாரின் அம்மா, விருந்துக்கு வந்து மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்த ஷாயிஸ்தாவைத் திரும்பிப் பார்த்த பார்வை இருக்கிறதே, அதற்குச் சாப்பாடே இறங்காது.

தமிழ்நாட்டில் பிறந்து வளர்ந்த ஷாயிஸ்தாவுக்கு ஹிந்தி எழுத்தும் பூவேலையும் ஒன்றுதான். கோட்டிலிருந்து தொங்குவது எழுத்து என்று அவளுக்கு யார் சொல்லியிருக்கிறார்கள்? அதை அப்படியே சொல்லித் தப்பித்திருக்கலாம். 'அது வெறும் டிசைன், எழுத்துமாதிரி அமைஞ்சிடுச்சு' என்றால்கூட நம்பக்கூடியவர்கள் அங்கே பாதிப் பேர். ஷாயிஸ்தா எழுந்து வந்தாள்.

"பொண்ணு மேல ஒண்ணும் இல்லம்மா. அது நான் யோசிச்சுப் போட்டது இல்ல. நெட்டுல யாரோ வரைஞ்சதைப் பார்த்துப் போட்டேன். எழுத்துன்னு எனக்குத் தெரியல. தப்பு என்னோடது."

அதுவரைக்கும் அந்தப் பக்கத்திலிருந்த டிசைன் எல்லாம் அவளுடையது என்றுதான் ஊர் நினைத்திருந்தது. அந்தப் பெயர்தான் அவள் தொழிலுக்கு முதல். அதை நாலு பேர் நடுவில் அவளே கழற்றி வைத்தாள். சித்திகா தன் கை வளையல்களை உருவி ரூக்சாரின் இரண்டு கைகளிலும் எழுத்து மறையும்படி மாட்டி, "தேவேந்தர் வூட்டுக்குப் போயிட்டாரு. பிரியாணி ஆறுது, வாங்க" என்றாள். புண்ணியவதி.

வீட்டுக்கு வந்து சொன்னதும் பர்வேஸ் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். "அப்போ பல்லாவரம் புல்லா தேவேந்தர் பொண்டாட்டிங்களா? இதுக்கின்னா பேஜாராவுற. எழுத்த எடுத்துட்டு வளைவ மட்டும் போடு. இங்க எவ ஹிந்தி படிக்கிறா?"

பிரியாவும் கிட்டத்தட்ட அதையேதான் சொன்னாள். படத்தைச் சத்தமில்லாமல் எடுத்துவிடலாம், ஒரு மாசத்தில் எல்லாரும் மறந்துவிடுவார்கள். ஷாயிஸ்தா அதைக் காதில் வாங்கியதாகவே தெரியவில்லை.

"அந்தக் கை யாரோட கை பிரியா?"

"எந்தக் கை?"

"தேவேந்தர்னு எழுதின கை. அதுவும் ஒரு கல்யாணக் கைதானே. ரூக்சாருக்காக எழுதின பேரை நான் இன்னொரு பொண்ணுக்குப் போடுவேனா? அவங்க யாரோ அவங்க வீட்டுப் பொண்ணுக்கு ஒக்காந்து எழுதியிருக்காங்க. நான் அதை எடுத்து ஊர்ப் பொண்ணுங்களுக்கெல்லாம் மாட்டிவிட்டுட்டேன்."

வெட்டாத படம் பிரியாவின் கம்ப்யூட்டரில் இன்னும் இருந்தது. ஓரத்தில் சின்ன எழுத்தில், உர்மிளா சோனி, சோஜத். பொடி பாக்கெட்டில் தினமும் பார்க்கிற ஊர். ஷாயிஸ்தாவுக்குச் சங்கடமாகிவிட்டது. எங்கோ வெளிநாட்டில் இருக்கிற முகம் தெரியாத யாரோ என்று நினைத்திருந்தாள். தன்னைப் போலவே கோன் சுற்றுகிற ஒருத்தி.

பிரியா இரண்டு நாள் இதைப் பற்றிப் படித்துவிட்டு வந்து சொன்னாள். "ஒருத்தர் வரைஞ்சா, போட்டோ எடுத்தா, அது அவங்க சொத்துக்கா. பேர் போட்டிருந்தாலும் அவங்களோடதுதான், போடாட்டியும் அவங்களோடதுதான். நெட்டுல பார்க்க வச்சிருக்கறதால எடுத்துக்கலாம்னு ஆகாது. நன்றி போட்டாலும் கேட்டதா ஆகாது. நாம இணையத்துக்கு நன்றி சொல்லியிருக்கோம். இணையம் யாரு, நம்ம மாமனாரா?"

"சரி, கேட்டு எழுது. வெட்டினது நான்தான்னும் எழுது."

"அதை எதுக்குக்கா எழுதணும்? தானா மாட்டிக்கறதா?"

"எழுது."

பதில் வரும்வரை காத்திருக்கவும் அவள் தயாரில்லை. தன்னுடையதல்லாத படங்கள் அத்தனையும் அன்றைக்கே இறங்கின. பக்கம் கல்யாணம் முடிந்த மண்டபம் மாதிரி ஆயிற்று. தேடிப் பார்த்ததில், 'பெயர் போட்டு யாரும் பயன்படுத்திக்கொள்ளலாம்' என்று வரைந்தவர்களே எழுதி வைத்திருந்த படங்கள் இரண்டு கிடைத்தன. அவர்கள் பெயரைப் பெரிதாகப் போட்டு அந்த இரண்டை மட்டும் திரும்ப ஏற்றினார்கள். போன் குறைந்தது. பர்வேஸ் வாயை மூடிக்கொண்டு இருக்கவில்லை. ஆனால் கடையில் நல்ல கேமரா என்ன விலை என்று விசாரித்து வந்ததும் அவன்தான்.

அந்தச் சமயம் பார்த்து நாவலூரிலிருந்து அபிதகுஜாம்பாள் என்ற அம்மாள் கூப்பிட்டாள். மகளுக்குக் கல்யாணம், மணப்பெண்ணோடு வீட்டுப் பெண்கள் எல்லாருக்கும் மெஹந்தி. அப்பார்ட்மென்ட் முழுக்கப் பேர் பரவுகிற வேலை. மகள் தோரண டிசைனைப் பார்த்து வைத்திருந்தாள், அதுதான் வேண்டும்.

"அது என்னோடது இல்லம்மா. வரைஞ்சவங்ககிட்ட கேட்டிருக்கேன். அவங்க சரின்னு சொன்னாத்தான்."

"நெட்ல இருக்கறது எல்லாருக்கும் பொதுதானேம்மா?"

"எங்க ஊர் சந்தையில எல்லாச் சாமானும் தரையிலதான் கிடக்குது. பொதுன்னு அள்ளிக்கினு வர முடியுமா?"

"யோசிச்சுச் சொல்றேன்" என்று அந்த அம்மாள் போனை வைத்துவிட்டாள்.

உர்மிளாவின் பதில் பாதி இங்கிலீஷ், பாதி ஹிந்தி. ஹிந்திப் பாதியை பிரியா ஆபீஸில் ஒரு டெல்லிப் பெண்ணிடம் கேட்டு எழுதிக்கொண்டு வந்து படித்தாள். தேவேந்தர் உர்மிளாவின் அண்ணன். அந்தக் கை அண்ணியின் கை. அண்ணனுக்காக உர்மிளாவே கோத்த டிசைன் அது; கூலிக்குக்கூட வேறு யாருக்கும் போட்டதில்லை. 'உங்கள் பக்கத்தை முன்பே ஒரு முறை பார்த்திருக்கிறேன். இணையத்துக்கு நன்றி சொல்லியிருந்தீர்கள். இணையத்துக்கு இடுப்பு வலித்ததா? மற்றவர்கள் கேட்காமலே எடுக்கிறார்கள், நீங்கள் கேட்டீர்கள், வெட்டியதையும் சொன்னீர்கள். அதற்காக உங்கள்மேல் கோபமில்லை. ஆனால் வேண்டாம். படமும் வேண்டாம், எழுத்தை மாற்றி வரைவதும் வேண்டாம்.'

பிரியாவுக்குச் சப்பென்று போய்விட்டது. "இவ்வளவு மரியாதையாக் கேட்டும் இப்படியா? இன்னொரு தரம் எழுதவா?"

"கேக்கறதுன்னா, இல்லைன்னு சொன்னா சரின்னு திரும்பறதுதான் பிரியா. ஆமான்னு சொல்றவரைக்கும் கேக்கறதுக்குப் பேர் வேற."

அன்றைக்கே நாவலூருக்குப் போன் போட்டுச் சொன்னாள். "அவங்க வேணாம்னுட்டாங்கம்மா. தோரணம் என்னால போட முடியாது. என் கையால வர்றது போதும்னா வரேன். இல்ல, வேற ஆளு பார்த்தாலும் எனக்கு வருத்தமில்ல." வருத்தமில்லை என்றது பொய். அந்த வேலை போனால் பக்கத்தை இழுத்து மூடிவிடலாம் என்ற நிலையில்தான் இருந்தாள்.

அபிதகுஜாம்பாள் போனை மகளிடம் கொடுத்தாள். மகள் விஷயத்தை முழுக்கக் கேட்டுவிட்டு, "எனக்குன்னே ஒண்ணு போடுவீங்களா? வேற யாருக்கும் போடாம?" என்றாள்.

நாவலூரில் ஷாயிஸ்தா வழக்கம்போல முதலில் கையை மடியில் வாங்கிக்கொண்டு பேசினாள். பெண் எங்கே படித்தாள், சின்ன வயதில் என்ன பிடிக்கும் என்று. வேளச்சேரியில் ஏரிக்கரை வீடு, மொட்டை மாடியிலிருந்து நாரை பார்த்தது என்று அந்தப் பெண் சொல்லிக்கொண்டே போனாள். ஷாயிஸ்தா புள்ளி வைத்தாள். மணிக்கட்டில் கோரைப்புல் முளைத்தது, அதிலிருந்து ஒற்றைக் காலில் நாரை, விரல் விரலாகத் தண்ணீர் வளையம். இதற்கு எந்தப் படத்தையும் அவள் பார்க்கவில்லை. சுற்றி உட்கார்ந்திருந்த பெண்கள் நெருங்கி வந்து பார்த்தார்கள். தன் வாழ்நாளில் இப்படி ஒரு கை அமைந்ததில்லை என்று அவளுக்கே தெரிந்தது.

ராத்திரி அங்கேயே தங்கி, மறுநாள் காலையில் காய்ந்ததைச் சுரண்டி எடுத்தபோது நிறம் கருஞ்சிவப்பாய்ப் பிடித்திருந்தது. பர்வேஸ் வாங்கிக் கொடுத்த கேமரா பையில் இருந்தது. எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு கேட்டாள்.

"கையை மட்டும் ஒரு போட்டோ எடுத்துக்கலாமா? என் பக்கத்துல போட."

பெண் அம்மாவைப் பார்த்தாள். அபிதகுஜாம்பாள் தயங்கினாள். "தப்பா நினைச்சுக்காதேம்மா. கல்யாணப் பொண்ணு கை. ஊரே பாக்கற இடத்துல வேண்டாமே. கண் படும்."

"அதுல என்னம்மா இருக்கு, உங்க பொண்ணு கைதானே" என்று கேமராவை உறைக்குள் போட்டு ஜிப்பை இழுத்தாள். காபி குடித்தாள், பெண்ணை ஆசீர்வதித்தாள், வெயில் ஏறுவதற்குள் பஸ் பிடித்தாள்.

மாடிப்படியில் பிரியா காத்திருந்தாள். "எங்க, குடுங்க. இன்னிக்கே ஏத்திடலாம். நாரை சூப்பரா வந்திருக்காமே, ஆபீஸ்ல இருக்கற அந்தப் பொண்ணோட சிநேகிதி ராத்திரியே போன் பண்ணிச் சொன்னா."

"எடுக்கல. கேட்டேன், வேணாம்னாங்க."

"ஐயோ அக்கா. இப்போ பக்கத்துல என்ன போடறது?"

"தாம்பரத்துல வர்ற வாரம் ஒரு கல்யாணம் கீது" என்றாள் ஷாயிஸ்தா, செருப்பைக் கழற்றிக்கொண்டே. "அங்க கேட்டுப் பாக்கறேன்."