தடியங்காய்ப் பிஞ்சும் ஒரு சுட்டுவிரலும்

எங்கள் ஊர் திருவிதாங்கூரில் இருந்த காலம். புதுக்கடைப் பக்கத்துப் பள்ளிக்கூடத்துக்கு என் கணவருக்கு மாற்றலானது. அங்கே கிடைத்த வீட்டின் பின்னால் பத்துத் தென்னை நிற்கும் அளவுக்குக் காலியிடம் கிடந்தது. நான் நாகர்கோவிலில் பிறந்து வளர்ந்தவள். காய்கறி என்றால் சந்தையிலிருந்து கூடையில் வரும் என்று மட்டும் தெரியும். அந்த லட்சணத்தில், வந்த வாரமே அக்காளுக்குக் கடிதம் எழுதிவிட்டேன்: இனி எங்கள் வீட்டில் காய் வாங்குவதே இல்லை, எங்கள் தோட்டத்து முதல் காயை அறுப்புப் பண்டிகையன்று எங்கள் சபையின் வேதக்கோயிலில் கொண்டுபோய் வைப்பேன் என்று. வாய்க்கொழுப்புத்தான். தபாலில் போட்ட பிறகு திரும்ப வாங்க முடியுமா?

மண்வெட்டி பிடித்த முதல் நாளே உள்ளங்கை பொத்துப்போனது. மகளுக்கு அப்போது ஆறு வயது, மகனுக்கு மூன்று. இரண்டு பேரையும் கூட வைத்துக்கொண்டு வெண்டை, வழுதலைக் கத்தரி, பயறு எல்லாம் விதைத்தேன். மறுநாள் காலையில் போய்ப் பார்த்தால் மண் முழுவதும் கிளறிக் கிடக்கிறது. கோழி என்று நினைத்துக் கம்பை எடுத்தேன். கோழி இல்லை, என் மகள். விதை முழித்துவிட்டதா என்று தோண்டிப் பார்த்து, தம்பிக்கும் காட்டி, மறுபடியும் புதைத்திருக்கிறாள். நாலு நாள் இதே வேலை. எனக்கோ மூக்கு நுனியில் கோபம். "ஏட்டி, அது ஒறங்கட்டும். வந்து வந்து பாக்காத" என்று கத்திக் கத்தித் தொண்டை வறண்டது. அப்படியும் பயறு முளைத்தது. முளைத்ததை மகன் களை என்று பிடுங்கினான். நான் ஒரு களையை வழுதலை என்று நம்பி இரண்டு வாரம் தண்ணீர் ஊற்றி வளர்த்தேன். யார் யாரைத் திட்டுவது?

வேலிக்கு அந்தப் பக்கம் குடியிருந்தவள் என் வயதுக்காரி. அய்யாவழிக் குடும்பம், மரச்சீனிக் கிழங்கும் வாழையும் போட்டுப் பிழைப்பவர்கள். அவள்தான் தடியங்காய் விதை தந்தாள். வெளியூரில் நீற்றுப்பூசணி என்பார்களே, அதுதான். கொடியில் முதல் பிஞ்சு, மேலெல்லாம் மெல்லிய ரோமத்தோடு தலைகாட்டிய அன்று எனக்குத் தலைகால் புரியவில்லை. அவளைக் கூப்பிட்டு, இதோ பார் என்று விரல் நீட்டிக் காட்டினேன். அவள் சட்டென்று என் கையைத் தட்டிவிட்டாள்.

"வாத்தியாரம்மா, பிஞ்ச வெரலு சூண்டிக் காட்டப்பிடாது. அழுகிப் போவும். காட்டணும்னா இப்பிடிக் காட்டணும்" என்று விரலை மடக்கி, முட்டியால் காட்டினாள்.

மூடத்தனம் என்று என் கணவர் சிரித்தார். நானும் கூடச் சிரித்தேன். ஆனால் தோட்டத்தில் யாரும் விரல் நீட்டக்கூடாது என்று அன்றைக்கே சட்டம் போட்டவளும் நான்தான். மிஷன் பள்ளிக்கூடத்தில் படித்தவள்தான், என்ன செய்ய, காய் மீது அவ்வளவு ஆசை.

இரண்டு நாள் கழித்து, அவர் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் மகள் அவரை இழுத்துக்கொண்டு போய், "அப்பா, அந்தா கெடக்கு" என்று சுட்டுவிரலை நீட்டிவிட்டாள். மூன்றாம் நாள் பிஞ்சு மஞ்சளித்து, நுனி அழுகி, தொட்டதும் கையோடு வந்தது. ஆத்திரத்தில் எனக்குக் கண் தெரியவில்லை. அவள் கையைப் பிடித்து விரலிலேயே ஓர் அடி வைத்தேன். "ஒனக்க வெரலு பட்டா ஒண்ணும் உருப்படாது ஏட்டி" என்றேன். அவள் அழவில்லை. விரலைப் பாவாடைக்குள் மறைத்துக்கொண்டாள்.

அதன் பிறகு தோட்டத்தில் அடங்கி ஒடுங்கி நடந்தாள். நல்ல பழக்கம் வந்துவிட்டது என்று நான் சந்தோஷப்பட்டேன். எழுதவே வெட்கமாக இருக்கிறது. இரண்டாவது பிஞ்சு நிலைத்து, தேங்காய் அளவுக்கு வந்தது.

அந்தச் சமயத்தில் மகனுக்குக் காய்ச்சல். ஆஸ்பத்திரி மருந்துக்கும் மூன்று நாள் இறங்கவில்லை. நான் அவனை மடியில் போட்டுக்கொண்டு கிடந்தேன். மகள் அறைக்குள் வரவே இல்லை. வலது கையைப் பின்னால் வைத்துக்கொண்டு வாசல்படிக்கு வெளியிலேயே நின்றாள். கூப்பிட்டும் வராததால் எழுந்துபோய் அந்தக் கையைப் பிடித்து இழுத்தேன். சுட்டுவிரலில் கந்தல் துணியைச் சுற்றி, நூலால் இறுக்கிக் கட்டியிருந்தாள். நுனி நீலம் பாரித்திருந்தது.

"என்னத்துக்கு மக்களே இது?"

"தம்பியச் சூண்டிப் போட்டேன்."

"எப்போ?"

"பாலு ஆரு கொட்டினதுன்னு நீ கேட்டியேம்மா. தம்பிதான்னு சூண்டிக் காட்டினேன். மறந்துபோச்சு. மறுநாளே அவனுக்குக் காய்ச்ச வந்துட்டு."

முடிச்சு அவிழவில்லை, நூலைப் பல்லால் கடித்து அறுத்தேன். அதெல்லாம் வெறும் பேச்சு, விரலால் காய்ச்சல் வராது என்று சொன்னேன். நம்பவில்லை. அடித்துச் சொல்லிக் கொடுத்ததாயிற்றே, எப்படி நம்புவாள்? அழுகிப்போன அந்தப் பிஞ்சை முதலில் சுட்டியவள் நானேதான் என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. அதையும் சொன்னேன். "நீ பெரிய ஆளு" என்றாள்.

மிஞ்சிய காயைச் சுட்டச் சொல்லிப் பயத்தைத் தெளிவிக்கலாம் என்று நினைத்தேன். உள்ளதைச் சொல்கிறேன், தைரியம் வரவில்லை. அது தானாகவே அழுகிவிட்டால் பிள்ளை என்ன ஆவாள்? அவள் முன்னால் தரையில் உட்கார்ந்தேன்.

"என்னச் சூண்டு."

"மாட்டேன். நீ செத்துப் போவே."

"எனக்கு ஒண்ணும் வராது. சூண்டு மக்களே."

வெகுநேரம் கெஞ்சினேன். கடைசியில் கண்ணை இறுக மூடிக்கொண்டு, அந்தக் கன்றிய விரலை என் நெஞ்சுக்கு நேராக நீட்டினாள்.

மறுநாள் விடிந்ததும் அடுக்களை வாசலில் வந்து நின்று என்னை ஏற இறங்கப் பார்த்தாள். விதையைத் தோண்டிப் பார்த்த அதே பார்வை. தம்பிக்குக் காய்ச்சல் விட்டது, கஞ்சி கேட்கிறான் என்று சொன்னேன். அப்போதும் அவள் கண் என்மேலேயே இருந்தது. அன்று மத்தியானம் எனக்கு உடம்பு வலித்தது. சாயங்காலம் அனலாகக் காய்ந்தது. மூன்று நாள் அவனை மடியில் வைத்திருந்தவளுக்கு வராமல் இருக்குமா? இவளிடம் அதை எப்படிச் சொல்வது?

என் கணவர் படுக்கச் சொன்னார். நான் படுத்தால் இவள் விழுந்துவிடுவாள் என்றேன். நாலு நாள் நின்றுகொண்டே இருந்தேன். அவள் என்னைத் தொட்டுப் பார்த்தால் அடுப்புச் சூடு என்றேன். கிணற்றடியில் கண் இருட்டியபோது தூணைப் பிடித்துக்கொண்டு ஞானப்பாட்டுப் பாடினேன். என் குரல் எனக்கே சகிக்காது. தினமும் காலையில் அவள் வந்து, "சொகமா இருக்கியாம்மா?" என்பாள். "எனக்கென்ன, கல்லுக் கணக்கா இருக்கேன்" என்பேன்.

வேலிக்காரிக்கு மட்டும் என் முகத்தைப் பார்த்ததும் தெரிந்துவிட்டது. சுக்குத் தண்ணீரை வேலிக்கு மேலாக நீட்டி, "சின்னவனுக்க காய்ச்ச ஒங்களுக்கு ஒட்டிட்டு, போய்ப் படுங்க" என்றாள். நடந்ததைச் சொன்னேன். "தலைப்பிஞ்சு ஒண்ணு ரெண்டு கொட்டத்தான் செய்யும் வாத்தியாரம்மா. அதுக்குப் பிள்ளைய அடிச்சியளா?" என்று கேட்டாள். நான் குனிந்து சுக்குத் தண்ணீரைக் குடித்தேன். மகள் அப்போது எங்கே நின்றாள் என்று கவனிக்கவில்லை.

ஐந்தாம் நாள் காலை, அவள் தம்பியைத் தூக்க முடியாமல் தூக்கிக்கொண்டு தோட்டத்துக்கு வந்தாள். தடியங்காய் சின்னக் குடம் அளவு ஆகி, தோலில் வெள்ளைப் பொடி பூத்திருந்தது. கொடிக்கு முன்னால் நின்று ஒருமுறை திரும்பி என்னைப் பார்த்தாள். வாளியோடு தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்த நான் நிமிர்ந்து நின்றேன். அவள் வலது கையை நீட்டினாள். விரலை மடக்கவில்லை.

"அந்தா கெடக்கு பாரு, நம்ம தடியங்கா."

நான் வாளியை அங்கேயே வைத்துவிட்டு உள்ளே போய்ப் படுத்தேன். கொஞ்ச நேரத்தில் அவளும் வந்தாள். நெற்றியில் கை வைத்துப் பார்த்தாள். அடுப்பு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

"தம்பிக்க காய்ச்சதான் ஒனக்கு ஒட்டிட்டு, இல்லியாம்மா?"

ஆமாம் என்று தலையாட்டினேன். நாலு நாளாக அடக்கி வைத்திருந்த அழுகை அப்போதுதான் வந்தது. அவள் போர்வையை என் கழுத்துவரை இழுத்துவிட்டாள்.

"நீ ஒறங்கும்மா. நான் வந்து வந்து பாக்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு போனாள்.