இலைக்குள் எழுந்த புகை

சித்தப்பா தோவாளையில் பெண்ணெடுத்த வருஷம்தான் எங்கள் கிணற்றடி எலுமிச்சைக்குச் சொறி பிடித்தது. இலையிலும் காயிலும் பழுப்பாகப் பொருக்குத் தட்டி, பிஞ்சுகள் உதிர்ந்தன. ஆடிச் செவ்வாய்க்கு அம்மனுக்கு மாலை கட்டக்கூடக் காய் தேறவில்லை. எல்லாம் புதுச் சித்தி வந்த நேரம் என்றார்கள். எனக்கு எட்டு வயது. பெரியவர்கள் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று நம்பினேன்.

"மரத்த வெட்டிரலாம். அவளும் கொஞ்ச நாள் அம்ம வீட்டில போயி நிக்கட்டும்" என்றார் பெரியப்பா. சித்தப்பா பரணிலிருந்து பெட்டியை இறக்கி வைத்தார். சித்தி துணிகளைப் பெட்டியில் அடுக்கத் தொடங்கினாள்.

அப்போதுதான் அப்பாவின் கடைசித் தங்கையான அத்தை ஓண லீவுக்கு வந்தாள். பெண்பிள்ளைகள் கல்லூரிக்குப் போவது அபூர்வமான அந்தத் திருவிதாங்கூர் நாளில், திருவனந்தபுரத்தில் தாவரவியல் படித்தவள். மரத்தின் சங்கதி முன்பே அவள் காதுக்குப் போயிருந்தது. பேராசிரியையிடம் கெஞ்சி வாங்கிய மைக்ராஸ்கோப்பைப் பிள்ளையைப் போல மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்து இறங்கினாள்.

தெருவே எங்கள் முற்றத்தில் கூடிவிட்டது. நானே செய்த கருவி போல நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு அதன் பக்கத்தில் நின்றேன். அத்தை சொறி இலையைச் சவரக்கத்தியால் மெல்லிசாகச் சீவி, ஒரு சொட்டுத் தண்ணீரில் இட்டு, கருவிக்கு அடியில் வைத்து, அதன் கண்ணாடியில் வெயிலைப் பிடித்தாள். பெரியப்பா ஒரு கண்ணை இறுக்கிக்கொண்டு குனிந்தார்.

"என்னட்டி இது? சாம்பிராணி போட்ட மாதிரி பொகையால்லா வருது!"

"பொகையில்ல அண்ணே. அம்புட்டும் உசிருள்ள கிருமியாக்கும். இலைக்குள்ளயே குடியிருக்கும். மழையும் காத்தும்தான் மரத்துக்கு மரம் கொண்டு போவும்."

நல்ல இலை ஒன்றையும் சீவி வைத்தாள். அதில் புகை இல்லை. பெரியப்பா இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார்.

"மரம் நிக்கட்டும். கெட்ட கொப்ப மட்டும் வெட்டி எரிச்சிருவோம். அவளும் எங்கயும் போவாண்டாம்" என்றார். பிறகு கூட்டத்தைப் பார்த்து, "எனக்க தங்கச்சியாக்கும்!" என்றார். அவளைக் கல்லூரிக்கு அனுப்பவே கூடாதென்று ஒற்றைக் காலில் நின்றவரும் அவர்தான்.

கூட்டம் கலைந்ததும் அத்தை உள்ளே பார்த்துச் சித்தியைக் கூப்பிட்டாள்: "மைனி, நீங்களும் வந்து பாருங்க."

சித்தி தயங்கித் தயங்கி வந்து குனிந்தாள். வெகுநேரம் பார்த்தாள்.

"அப்போ... நானில்லியா?"

"நீங்க இல்ல மைனி."

நிமிர்ந்தபோது அவள் கன்னமெல்லாம் நனைந்திருந்தது. இலையிலிருந்து வந்த புகை கண்ணில் பட்டுவிட்டது என்று நினைத்து, கிணற்றடிக்கு ஓடி ஒரு செம்புத் தண்ணீர் கொண்டுவந்து நீட்டினேன்.

"கண்ணக் கழுவுங்க சித்தி. எல்லாம் சரியாப் போவும்."