சொல்லக் கூடாத விளையாட்டு

என் அக்காவின் மகளுக்கு இரத்தப் புற்றுநோய் என்று உறுதியானபோது அவளுக்குப் பத்து வயது. எங்கள் கடலோர ஊரான தருவைகுளத்திலிருந்து மதுரைக்குக் கொண்டுபோய் மருத்துவமனையில் சேர்த்தோம். தொற்று அண்டக் கூடாது என்பதால் அவள் அறைக்குள் அக்காவையும் என்னையும் தவிர உறவினர், நண்பர் எவருக்கும் அனுமதி இல்லை. தோழிகளைக் கைப்பேசித் திரையில்தான் பார்க்க முடிந்தது.

முதலில் வகுப்பே திரண்டு பேசியது. பிறகு அழைப்புகள் குறைந்து, எதிர்வீட்டுத் தோழி ஒருத்தி மட்டும் எஞ்சினாள். அவளும், "சாப்டியாளா? மருந்து குடிச்சியா?" என்று கேட்டுவிட்டு மௌனமாகிவிடுவாள். ஒரு நாள் பேசி முடித்ததும் இவள் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

"அவளுக்கு எங்கூடப் பேசப் பிடிக்கல சித்தி. அவ அம்மை சொல்லித்தான் பேசுதா."

காரணம் வேறு. அது மீன்பிடித் தடைக்காலம். படகுகள் கரையில் நிற்க, ஊர்ப் பிள்ளைகள் அவற்றில் ஏறிக் கடலுக்குப் போவதுபோல் விளையாடும் பருவம்; அவர்களுக்கு வேறு பேச்சே இருக்காது. அந்த விளையாட்டில் எப்போதும் இவள்தான் தண்டல், அதாவது படகை நடத்துபவள். அதைப் பற்றி மூச்சுவிடக் கூடாது என்று அக்கா தோழியிடம் கண்டிப்பாகச் சொல்லிவைத்திருந்தாள். கேட்டால் பிள்ளை ஏங்குவாள். ஏங்கினால் ஏக்கக் காய்ச்சல் வரும் என்பது எங்கள் பக்கத்துத் தாய்மாரின் அசையாத நம்பிக்கை.

சமூகப்பணி படித்தவள் என்பதால் நான் இரண்டையும் எடைபோட்டுப் பார்த்தேன். சொன்னால் அழுவாள், சொல்லாவிட்டால் இருக்கும் ஒரே தோழியையும் இழப்பாள். அக்காவிடம் வாதிட்டேன்.

"காய்ச்சல் வந்தா நீயா தாங்குவ?" என்றாள்.

அடுத்த அழைப்பில் தோழியின் தலைக்குப் பின்னால் ஒரு படகின் விளிம்பு தெரிந்தது.

"ஏளா, படகுலயா நிக்க?" என்றாள் இவள்.

"இல்ல... சும்மா கரையில."

"பொய் சொல்லாத. இப்ப ஆரு தண்டல்?"

தோழி தயங்கினாள். "உங்க அம்மை சொல்லக் கூடாதுன்னாவ."

"சொல்லுளா!"

"நான்தான்."

"நீயா? கயித்தப் பிடிக்கவே பயப்படுவ! நேரா பாறையில கொண்டுபோயி மோதுவ."

"அப்போ நீ வந்து ஓட்டு! நாங்க எத்தன நாளு பாறையிலயே மோதிக்கிட்டுக் கெடக்கது?"

அக்கா கைப்பேசியைப் பறிக்கக் கை நீட்டினாள். இவள் அதை மார்போடு அணைத்துக்கொண்டு, பிறகு மெல்ல முகத்துக்கு நேரே கொண்டுவந்தாள். கண்கள் கலங்கியிருந்தன, குரல் மட்டும் அதிகாரமாகவே ஒலித்தது.

"வாரேன். வந்ததும் நீ எறங்கிரணும்."

"எறங்க மாட்டேன். வந்து சண்ட போட்டுப் புடி."

மறுநாள் உண்மையிலேயே காய்ச்சல் வந்தது. மருந்தினால் எதிர்பார்த்ததுதான் என்று மருத்துவர் விளக்கிய பிறகும் அக்கா என்னை முறைத்துக்கொண்டே இருந்தாள். அந்தக் காய்ச்சலிலும் பிள்ளை, படகில் யார் யார் எங்கே உட்கார வேண்டும் என்று என்னிடம் ஓயாமல் சொல்லிக்கொண்டிருந்தாள். சுவர்ப்பக்கம் திரும்பவில்லை. அதை அக்காவும் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள்.

காய்ச்சல் தணிந்த மாலையில் அக்காவே தோழியின் வீட்டுக்கு அழைத்தாள்.

"ஏளா, இன்னைக்குப் படகு எங்கன வரைக்கும் போச்சுன்னு இவகிட்டச் சொல்லு," என்று கைப்பேசியை மகளிடம் கொடுத்துவிட்டு அறைக்கு வெளியே போனாள்.