கோச்சி போகும்வரை

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து கொட்டாஞ்சேனை வீட்டுக்கு வந்ததும் மகள் போனைக் காட்டினாள். எங்களுடைய பழைய ரொக் குழுவின் பாட்டுகளை இப்போதைய குழுக்கள் ஆளுக்கொன்றாகப் பாடி ஒரு அல்பம் போட்டிருக்கிறார்களாம். எங்களுக்கு மரியாதை செய்கிறார்களாம். நாங்கள் மொத்தம் போட்டதே ஒரு கசெட். அதில் ட்ரம்ஸ் அடித்தவன் நான். செத்தவனுக்குத்தானே இதெல்லாம் செய்வார்கள், நான் இன்னும் இருக்கிறேனே என்றேன். அவள் சிரித்துக்கொண்டே ஸ்பீக்கரைப் போட்டாள்.

முதல் பாட்டு நுகேகொடைப் பையன்கள். சிங்களப் பிள்ளைகள், எங்கள் தமிழைக் கேட்டுக் கேட்டே மனப்பாடம் செய்து பாடியிருந்தார்கள். நல்லாய்த்தான் இருந்தது. கல்கிசைக் குழுவின் ட்ரம்மருக்குக் கை ஓயாது போல, பாடுகிறவன் மூச்சு விடுகிற இடத்திலும் தட்டிக்கொண்டிருந்தான். இரத்மலானைக்காரர் எங்கள் சோகப் பாட்டைக் குத்துப் பாட்டாக்கிவிட்டார்கள். ஏசிக்கொண்டேதான் கேட்டேன், ஆனால் கால் தாளம் போட்டது. கடைசிப் பாட்டை யார் பாடுகிறார் என்று மகள் வாசித்ததும் எழும்பிப் போய்விடலாமா என்றிருந்தது.

பாடியிருந்தது அவன்தான். எங்கள் பாடகன். இருபத்திரண்டு வருஷமாக என்னோடு கதைக்காதவன்.

அவனுடைய வீடு வெள்ளவத்தையில், கடலுக்கு இறங்கும் ஒரு ஒழுங்கையின் கடைசி. மதிலுக்கு அந்தப் பக்கம் தண்டவாளம். கோச்சி வந்தால் அந்த வீட்டில் எல்லோரும் பேச்சை அப்படியே நிறுத்துவார்கள்; போனதும் விட்ட சொல்லிலிருந்து தொடங்குவார்கள். அவனுடைய அம்மா எங்களை ஏசும்போதும் அப்படித்தான், கோச்சி போகும்வரை அகப்பை அந்தரத்தில் நிற்கும். அங்கேயே தின்று அங்கேயே கிடந்த எனக்கும் அந்தப் பழக்கம் ஒட்டிவிட்டது.

கசெட்டுக்கு ஒலிப்பதிவு செய்ததும் அந்த வீட்டு முன்னறையில். கோச்சி நேரமெல்லாம் பார்த்துத்தான் தொடங்கினோம். ஆனால் பிந்தி வந்த ஒரு கோச்சி, அவன் எழுதிய பாட்டின் நடுவிலே வந்து சேர்ந்தது. என் கை தானாக நின்றது. நான் நிற்க எல்லோரும் நின்றார்கள். கடைசிப் பெட்டி போனதும் குச்சியால் நாலு தட்டுத் தட்டினேன், விட்ட இடத்திலிருந்து பாட்டு தொடர்ந்தது. திரும்பப் பதிய வழியில்லை. ரெக்கோர்டர் இரவல் வாங்கியது, அன்று பின்னேரமே கொடுக்க வேண்டும்.

"உன்னாலதான் என்ர பாட்டு நாசமாப் போச்சு" என்றான். எப்போதும் வாய்க்கு வாய் மச்சான் என்கிறவன், அன்று அதைச் சொல்லவில்லை. அடுத்த மாதம் எனக்குச் சொல்லாமலே கனடா போனான். நானும் வீம்பு பிடித்தவன். முதல் வருஷமே போன் எடுத்திருக்க வேண்டும். ஆறின கஞ்சி பழங்கஞ்சி என்பார்களே, அதுதான் நடந்தது. அவனை நினைக்காத நாளில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன்.

ஸ்பீக்கரில் கடைசிப் பாட்டு தொடங்கியது. அன்று கோச்சிக்காக நின்ற அதே பாட்டு. கிற்றாரும் அவன் குரலும் மட்டும். குரல் கொஞ்சம் தடித்திருந்தது. அந்த இடத்தை நிற்காமல் பாடிக் கடந்துவிட்டான் என்றால் கோபம் இன்னும் ஆறவில்லை என்றுதான் அர்த்தம். தேத்தண்ணியைக் கலக்கிக்கொண்டிருந்த கரண்டியை மேசையில் வைத்தேன்.

நின்றான். அதே சொல்லில் நின்றான்.

ஸ்பீக்கரில் ஒரு சத்தமுமில்லை. பாட்டு அறுந்துவிட்டது என்று மகள் போனை எடுக்கப் போனாள்.

"தொடாதை. கோச்சி போகட்டும்" என்றேன்.

கனடாவில் அவன் வீட்டுக்குப் பக்கத்தில் எந்தக் கோச்சி? ஆனால் ஒவ்வொரு பெட்டியாகப் போவது எனக்குத் தெரிந்தது. கடைசிப் பெட்டியும் போனது. அவன் இன்னும் தொடங்கவில்லை. யாருக்காக நிற்கிறான் என்று அப்போதுதான் விளங்கியது.

தேத்தண்ணிக் கரண்டியை எடுத்து மேசையில் நாலு தட்டுத் தட்டினேன். விட்ட சொல்லிலிருந்து பாடினான்.