ஆமைக்குப் போட்ட பூ

ஏழு வயதில் வெள்ளைக்காரத் துரையிடம் வேலை பார்த்தவள் நான். பசறைக் கடைவீதியில் எனக்கு முன்னால் நெஞ்சை நிமிர்த்துகிற எவராவது அப்படிச் சொல்லட்டும் பார்ப்போம்.

எங்கள் தேயிலைத் தோட்டம் நமுனுகுல மலைச் சரிவில். மத்தியானத்திலும் பனி மூடிக் கிடக்கும். அந்தக் குளிரில் துரை பங்களாவுக்குப் பின்னால் கண்ணாடியில் ஒரு வீடு கட்டி, பாலைவனத்துக் கள்ளிகளையும் ஓர் ஆமையையும் வளர்த்தார். அதற்கு அடுப்பெரித்துச் சூடு காட்டுவது என் அப்பா. ஆமை ஆறு நாளாக வாயே திறக்கவில்லை. அது செத்தால் பற்றுச்சீட்டுத்தான் என்று துரை சொல்லிவிட்டார். அந்தச் சீட்டைக் கையில் கொடுத்தால் வேலையும் போச்சு, தோட்டத்தார் கொடுத்த லயத்து வீடும் போச்சு.

ஞாயிற்றுக்கிழமை துரை பதுளைக்குப் போயிருந்தார். “நாளைக்கு இருப்போமோ என்னமோ, நீங்களும் ஒருதரம் பாத்துருங்க” என்று அப்பா எங்களைக் கூட்டிப் போனார். அம்மா, அத்தை, நான். மறுநாள் என்னைத் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் சேர்ப்பதாக இருந்தது. அம்மா சிலேட்டு வாங்கித் தகரப்பெட்டியில் வைத்திருந்தாள். கங்காணி வீட்டுப் பெண்களே போகாத பள்ளிக்கூடம் அது.

உள்ளே போனதும் அத்தைக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

“நம்ம ஊரு வேலியில கெடக்கிற கள்ளிக்கு மாளிகையா! லயத்துக் கூரை ஒழுகுது, அதக் கேக்க ஆளில்ல.”

“மெதுவா பேசுங்க அண்ணி” என்றாள் அம்மா.

மணலில் அசையாமல் இருந்த ஆமையைக் கண்டதும் அத்தையின் சிரிப்பு நின்றது. “பெருமாளு அவதாரமில்ல!” என்று கும்பிட்டாள். நான் சும்மா இருப்பேனா? தலையில் இருந்த செம்பருத்தியைப் பிடுங்கி அதன் முன்னால் போட்டேன். மண்டையில் ஒரு குட்டு விழுந்தது.

“தலையில வச்ச பூவையாடி சாமிக்குப் போடுவே?”

நான் தலையைத் தடவி முடிப்பதற்குள் ஆமை கழுத்தை நீட்டிற்று. வாயைத் திறந்தது. பாதிப் பூவைக் காணோம்.

“சாமியே கோவிச்சுக்கல, நீங்க ஏன் அத்தை குட்டுறீங்க?”

அப்பா அப்படியே மணலில் உட்கார்ந்துவிட்டார். மறுநொடி துள்ளி எழுந்து தலைப்பாகையை அவிழ்த்தார். வாசலில் துரை! எப்போது திரும்பி வந்தாரோ, ஆமை தின்று முடிக்கும் வரை பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு என்னைக் காட்டி, “இந்தக் குட்டி தெனம் காலையில பூ கொண்டாரணும். நீ இருக்கலாம்” என்றார்.

அப்பா என்னைத் தோளில் தூக்கிக்கொண்டே இறங்கினார். லயத்தில் ஒரு வீடு விடாமல் நானே போய்ச் சொன்னேன். மறுநாள் முதல், பள்ளிக்கூட மணி அடிக்கும் நேரத்தில் மடி நிறையப் பூவோடு பங்களா மேட்டில் ஏறிக்கொண்டிருப்பேன். ஐந்து வருஷம் அந்த ஆமைக்குச் சோறு போட்டவள் நான். அப்பாவின் வேலையைக் காப்பாற்றியவளும் நான்தான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் எல்லாரும் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தோம். அம்மா மட்டும் பெட்டியைத் திறந்து சிலேட்டை எடுத்தாள். முந்தானையால் இரண்டு பக்கமும் துடைத்தாள். கொண்டுபோய்த் தண்ணீர்க் குடத்தின் மேல் மூடியாக வைத்தாள். குடத்துக்கு மூடி இல்லை என்று வெகுநாளாகச் சொல்லிக்கொண்டிருந்தாள்; நல்லதாகப் போச்சு என்று நினைத்துக்கொண்டேன்.